கபடிக்காரிக்கு எதற்குக் கெமிஸ்ட்ரி

மளிகைக் கடைக்காரம்மா சொன்னதையா நம்பினாய்? கவுன்சிலர் வீட்டுக்குப் பட்டுப்புடவை கொடுத்துத்தான் என் பேத்திக்குக் காலேஜில் சீட்டு வாங்கினோம் என்று அந்த அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். இப்படி வந்து உட்கார். நீ போன மாதம்தான் இந்தத் தெருவுக்குக் குடி வந்தாய், முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். என் கை பாட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசும்.

என் பேத்தி கபடி ஆடுகிறவள். பார்த்தால் ஊசி மாதிரி இருப்பாள். எதிர் அணிப் பெண்கள் அவளைப் பார்த்ததும் சிரிப்பார்கள், பாடிக்கொண்டு உள்ளே போய்த் தொட்டுவிட்டு வந்த பிறகு சிரிக்க மாட்டார்கள். அந்த வித்தையை எந்த மிஸ்ஸும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் தெருவில் காலையில் பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டுகிறார்களே, அதற்கு நடுவில்தான் அவள் வளர்ந்தாள். பாவில் கை பட்டால் அவள் அப்பன், அதாவது என் மகன், முதுகில் ஒன்று வைப்பான். அதனால் குனிந்து, வளைந்து, ஒரு இழையும் அசையாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுவாள். நூலுக்கே பிடி கொடுக்காதவள் ஆளுக்கா கொடுப்பாள்?

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித் தரும் மிஸ் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜில் சேர்த்துவிடலாம், பீஸ் கூட அதிகம் வராது என்றாள். நான் அதை நம் ஊர்க் கோட்டை மைதானம் என்று நினைத்துக்கொண்டேன். "அங்கதான் தெனமும் ஆடிகினு கீறாளே, இன்னொரு தபா எதுக்கு சேக்கணும்?" என்று கேட்டேன். அந்த மிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இன்றைக்கும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் "ஆயா, கோட்டைக்கா?" என்றுதான் கேட்பாள்.

பரீட்சை முடிவு வந்த அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது. பேத்தி போனை என் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அழுகிறவளுக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் இல்லையா, அதற்குக் காட்டினாள். ஆறு வரி இருந்தது. ஐந்து வரியின் கடைசியில் ஒரே எழுத்து, ஒரு குச்சி, அதன் மேல்பக்கம் சின்னதாக ஒரு வயிறு. அது பாஸாம். ஒரே ஒரு வரியில் மட்டும் வேறு எழுத்து. அந்தக் குச்சிக்கு வயிறு இல்லை, இரண்டு கையை நீட்டிக்கொண்டு வழி மறிக்கிற ஆள் மாதிரி நின்றது. அது கெமிஸ்ட்ரி. அதில் பெயில்.

ஆடுகிறவளுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று நான் கேட்டேன். காலையும் மூச்சையும் பார்த்துச் சேர்ப்பார்கள் என்றுதானே நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். காலேஜுக்கு ஆட வேண்டும் என்றால் முதலில் அந்தக் காலேஜில் படிக்கிற பெண்ணாக இருக்க வேண்டும், அதற்கு எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகியிருக்க வேண்டும், எத்தனை கப் வாங்கினாலும் ஒரு பாடம் போனால் வாசலோடு சரி என்றாள் பேத்தி.

என் மருமகள் செய்யாரில் ஷூ கம்பெனிக்கு ஷிப்டு போகிறவள். அவளுக்கும் ஆற்றாமைதான், ஆனால் அதை வேறு மாதிரி சொன்னாள். "போனது போச்சு. எங்கூட கம்பெனி பஸ்சுல ஏறு. லைனுக்கு ஆள் எடுத்துகினுதான் கீறாங்க." என் மகன் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பேத்தி அன்றைக்குச் சோறே சாப்பிடவில்லை. அடுத்த வாரம் வேலூர் காலேஜில் ஆட்டம் ஆடவைத்து ஆள் எடுக்கிறார்கள், அதற்கு இனிமேல் போய் என்ன பிரயோசனம் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆள் எடுக்கிற அன்றைக்குக் காலையில் அவள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆயா, ஒரு தபா ஆடிட்டாவது வரேன். நீயாவது வா."

புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அடடா, நீ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபம் மாதிரி உயரமாக ஒரு கூடம், உள்ளே மண்ணே இல்லை, தரை முழுக்க மெத்தை விரித்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் விழுந்தால் அடிபடக் கூடாதாம். நாங்கள் சின்ன வயதில் ஆண் பிள்ளைகள் சடுகுடு ஆடுவதைத் தூர நின்று பார்த்தாலே எங்கள் அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள். இங்கே பெண்கள் ஆடி விழுவதற்கு மெத்தை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக அதைக் கொஞ்சம் அமுக்கிப் பார்த்தேன்.

அவள் ஆடினாள். எப்படி ஆடினாள் என்று எனக்குச் சொல்ல வராது. மூன்று பெண்கள் சுற்றிக்கொண்டு நின்றார்கள், இவள் நம் தெருப் பாவுக்கு அடியில் போகிற மாதிரி போனாள், வந்தாள். விசில் வைத்திருந்த கோச்சம்மா விசில் ஊத மறந்துவிட்டாள். பிறகு அவளைக் கூப்பிட்டு மார்க் கேட்டாள். பேத்தி பொய் சொல்லவில்லை, கெமிஸ்ட்ரி போய்விட்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கோச்சம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

எனக்குப் படிப்பு விவரம் தெரியாது. கபடி விவரம் கொஞ்சம் தெரியும். அதில் அவுட் ஆனவள் வெளியே உட்கார்ந்திருப்பாள், அவள் அணிப் பெண் ஒருத்தி எதிராளியை அவுட் ஆக்கினால் இவளுக்கு உயிர் வரும், எழுந்து உள்ளே போகலாம். அதை வைத்துத்தான் கேட்டேன்.

"ஏம்மா, அவுட்டான பொண்ணுக்கு உங்க காலேஜுல உயிர் கெடையாதா?"

கோச்சம்மா என்னைப் பார்த்தாள். அவளும் நம் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"இருக்குது ஆயா. திரும்ப ஒரு பரீச்சை வெப்பாங்க. நாங்க அட்மிசன் மூடறதுக்குள்ள அதுல பாஸாயிட்டு வந்தா எடம் இவளுக்குத்தான். ஆனா பாஸாவணும். இவ எவ்ளோ நல்லா ஆடினாலும் அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மீதிப் புளிச்சோற்றைச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அவளால் உட்கார்ந்து படிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு நாள் தறிக்குப் பின்னால் இருக்கும் அந்த நடையில் ஏதோ முணுமுணுப்புக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கபடி கபடி என்று பாடுவதற்குப் பதிலாகக் கெமிஸ்ட்ரியைப் பாடிக்கொண்டு போகிறாள். ஒரே மூச்சில் ஒரு பாரா. அந்தக் கோடிச் சுவரைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பி வர வேண்டும். நடுவில் மறந்தால் பாட்டு நின்றுவிடும், அவுட்.

"ஆயா, நீ எதுர்ல நில்லு. பாட்டு வுட்டா புடி."

நின்றேன். அவள் சொல்லுவது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? மூச்சு அறுந்தால் தெரியும். தடுமாறுகிற இடத்தில் கையைப் பிடித்துவிடுவேன், திரும்ப முதலிலிருந்து. சோடியம், குளோரின், என்னென்னவோ பெயர்கள். எனக்கே சிலது பாடமாகிவிட்டது, வேணுமென்றால் சொல்லிக் காட்டுகிறேன். சோடியமும் குளோரினும் நம் வீட்டு உப்பிலேயே இருக்கிறதாம். இத்தனை வருஷம் குழம்பில் போட்டேன், எனக்குத் தெரியாது. தறியில் உட்கார்ந்தபடியே என் மகனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள் நின்றுவிட்ட இடத்தில் அடுத்த வார்த்தையை அவனே எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இழைக்குள் நாடாக் கட்டையைத் தள்ளினான்.

பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். முடிவு வருகிற அன்றைக்குப் போனைத் தொட மாட்டேன் என்றாள். மருமகள் நம்பரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மகன் தறிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டில் படிக்கத் தெரிந்த மூன்று பேரும் பயந்துபோய் நிற்க, போன் என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு என்ன பயம், தெரிந்தால்தானே.

ஒரே ஒரு வரிதான் இருந்தது. கடைசி எழுத்தைத் தேடினேன். கையை நீட்டிக்கொண்டு நின்ற அந்த ஆளைக் காணோம்.

"வயிறு கீதுடி," என்றேன். "குச்சிக்கு வயிறு கீது."

அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தாள், பிறகு என் முட்டியில் தலையை வைத்துக்கொண்டு, "உயிர் வந்துடுச்சு ஆயா," என்று மட்டும் சொன்னாள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஓடி ஓடிப் படித்து, படித்ததால் ஓடப் போவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அட்மிஷன் மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்த்துவிட்டு வந்தோம். கோச்சம்மா என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "ஆயா, உயிரோட வந்தாளா?" என்றுதான். இதில் கவுன்சிலர் எங்கே வந்தான், புடவை எங்கே வந்தது? நீயே அந்த மளிகைக் கடைக்காரம்மாவிடம் போய்ச் சொல். குளோரின் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதாகவும் சொல். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பேத்தி ஹாஸ்டலுக்குப் போகிறாள், அதற்குத்தான் இன்றைக்கு அவள் துணியெல்லாம் துவைத்து...

அய்யோ, தூறல் விழுகிறது பார். தெருவில் பாவு கிடக்கிறது, அதைக் கட்டினவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொடியில் அவள் ஆடும்போது போடுகிற முட்டி உறை காய்கிறது. நகரு, நகரு, நான் ஓட வேண்டும்.