சுல்தான் வரும்வரை இறங்காத அக்கா

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் பஸ்ஸில், பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்த ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். புருவமெல்லாம் வெள்ளியாக மருந்துத்தூள். கதை கேட்டால் பக்கத்தில் இருப்பவரின் தொடையில் அடிக்கும் பழக்கம் அவருக்கு. நான் மறுநாள் நடத்தவேண்டிய வரலாற்றுப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன டீச்சர் படிக்கீக?”

“அந்தக் காலத்துல இங்கிலாந்து ராஜா யூதர்களை எல்லாம் நாட்டை விட்டே விரட்டிட்டாரு, அக்கா.”

“என்ன தப்பு செஞ்சாக?”

“ஒண்ணுமில்ல. வேற மதம், அம்புட்டுதான்.”

தொடையில் ஓர் அடி விழுந்தது. “பிள்ளகுட்டியோட எங்கன போனாக?”

“பிரான்ஸுக்குப் போனாங்க. அங்கேயும் விரட்டிட்டாங்க.”

இன்னோர் அடி.

“பிறகு ஸ்பெயின்லயும் அப்படித்தான்.”

“வெளங்காத பயலுக!” அந்த அடியில் புத்தகமே கீழே விழுந்தது.

அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் சத்தம் போட்டார். அக்கா அசையவில்லை.

“இருய்யா! அவுகளுக்கே இன்னும் எடம் கெடைக்கல!”

பஸ் கிளம்பிவிட்டது. துருக்கி சுல்தான் அவர்களுக்கு இடம் கொடுத்தார் என்று அவசரமாகச் சொன்னேன்.

“அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாயங்கால வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தார்.

அந்தப் பாடத்தைப் பல வருஷமாக நடத்துகிறேன். அதைக் கேட்டு வீட்டுக்குக் கூடுதலாக நடந்தவர் அவர் ஒருவர்தான்.