முதுகு காட்டிய மயில்

செங்கல்பட்டில் ஜர்தோசி வேலையில் என் கையை மிஞ்ச ஆளே கிடையாது.

பொய். எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள், என் பெண்டாட்டி. ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட தங்கநிறக் கம்பியைப் பொடியாக வெட்டி, மணிபோல ஊசியில் கோத்துப் பட்டில் தைப்பதுதான் ஜர்தோசி. அவள் தைப்பாள், நான் வெட்டுவேன். வெட்டியதில் பாதி என் லுங்கியில் ஒட்டிக்கொள்ளும். டீக்கடைக்குப் போனால் வெயிலில் நான்தான் மின்னுவேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, ட்ரேஸ் எடுப்பது. ஊசியால் குத்திப் படம் போட்ட பேப்பரைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் படம் துணியில் இறங்கிவிடும். ஜாக்கெட்டின் ஒரு கைக்கு மயில் எடுத்ததும் பேப்பரைத் திருப்பிப்போட்டு அடுத்த கைக்கு எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கை மயிலும் முன்பக்கம் பார்க்கும். நானோ ரெண்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதைக்கூடப் போனிடம் பேசித்தான் எழுதவைக்கிறேன்.

போன தை மாதம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணப்பெண். மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவள். ரிசப்ஷன் ஜாக்கெட்டுக்காக ஒரு மயில் படத்தைப் பல மாதமாகப் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள். ரிசப்ஷனுக்கு முதல்நாள் காலையில் நானும் பெண்டாட்டியும் ஜாக்கெட்டோடு போனோம். போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள். ஒரு மயில் முன்னால் பார்த்தது. இன்னொன்று அவள் முதுகுப் பக்கம் பார்த்தது.

"இன்னாது இது? ஒண்ணு கோச்சுகினு போவுது!" என்றார் பெண்ணின் அம்மா.

என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். துணியை இழுத்துக் கட்டித் தைக்கிற ஃபிரேமில் ஒரு நேரத்துக்கு ஒரு கைதான் விரிந்திருக்கும், மற்றது சுருட்டிக் கிடக்கும். அதனால் தைத்தவளுக்கே தெரியவில்லை.

"பேப்பரத் திருப்புனியா?"

"திருப்புனேன். அப்பால டீ வந்துச்சி. குடிச்சிட்டு மறுபடியும் ஒருவாட்டி திருப்பிட்டேன் போல."

பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

"பிரிச்சிடலாமா?" என்றேன்.

"பிரிச்சா பட்டு சல்லடையா பூடும். வாய மூடிகினு இரு" என்றாள் பெண்டாட்டி.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இது யாரயோ தேடுற மாரி கீது."

"அப்ப தேடுற ஆள வச்சிடலாம் கண்ணு!" என்று என் பெண்டாட்டி ஊசியை எடுத்தாள்.

தைத்து முடித்த ஜாக்கெட்டை மறுபடி ஃபிரேமில் ஏற்ற முடியாது. துணி விறைப்பாக நிற்க, ஜாக்கெட் கைக்குள் எதையாவது நுழைத்துத்தான் தைக்க வேண்டும். வீடெல்லாம் தேடிவிட்டு எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். ஒல்லிக்குச்சி கை. என் உடம்பில் ஒரு பாகம் தொழிலுக்கு உதவியது அன்றுதான். அரக்கு நிறப் பட்டுக் கையை முழங்கை வரை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாத்த, உனுக்கு நல்லா எடுப்பா கீது!" என்று பெண்ணே சிரித்தாள்.

ஊசி என்னைப் பத்து தடவையாவது குத்தியிருக்கும். தவறிக் குத்தியதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த மயிலுக்கு எதிரே குட்டையாய் ஒரு பெண்மயில் வந்து நின்றது. பெண் போட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே ஓடிவந்து என் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டாள்.

ரிசப்ஷனில் மூன்று பெண்கள் அதே ஜோடி மயில் வேண்டுமென்று வந்து நின்றார்கள். அதைவிட, மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்னாடி ஜோடி வச்சதுக்கு இன்னாப்பா அர்த்தம்?" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது ராஜா காலத்து டிசைனும்மா" என்று ஆரம்பித்து, அந்த ராஜாவுக்கு ஏழு பெண்டாட்டி என்று...

"யோவ்! போன்கிட்ட கத வுட்டது போதும். ட்ரேஸ் எடுக்கணும், வா! இன்னிக்கு டீ கெடையாது. பேப்பர ஒருவாட்டிதான் திருப்புற!"