புதுச் சாய்தளம்

ஆந்திராவில், நகரியைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன். திருப்பதி வண்டி வருவதாக ஒலிபெருக்கி தெலுங்கில் சொன்னதும், எதிர்க் கொட்டகையில் விசைத்தறிகளின் சத்தம் நிற்கிறது. தலையெல்லாம் பஞ்சோடு நான்கு பேர் ஓடி வந்து, ஸ்டேஷன் வாசலில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணைச் சூழ்ந்துகொள்கிறார்கள்.

"டெய்லி நாங்கதான் சார் அக்காவைப் படியேத்துவோம். தறிக்கு நூல் சுத்தின பீமைத் தூக்கற மாதிரி, ரெண்டு பக்கமும் பிடிச்சிக்கினு," என்கிறார் ஒருவர் என்னிடம்.

அந்த அக்கா திருப்பதியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர். பிளாட்பாரத்துக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் கை காட்டுகிறார். அங்கே புதுச் சிமென்ட் சாய்தளம். நேற்றுதான் தடுப்பை எடுத்திருக்கிறார்கள்.

"யாரும் கை வெக்காதீங்கடா. நானே ஏறிக்கினு போறேன்."

சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஏறுகிறார். பாதியில் நாற்காலி பின்னால் நழுவுகிறது. எனக்கே கை பரபரக்கிறது. நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார்கள். வண்டி உள்ளே வரும்போது அவர் மேலே இருக்கிறார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

வண்டி நிற்கிறது. பெட்டி வாசலில் இரும்புப் படிகள். அதற்குச் சாய்தளம் கிடையாது.

அக்கா அந்தப் படிகளையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு, திரும்பாமலே சொல்கிறார்:

"சரி, வாங்கடா. இப்போ தூக்குங்க."