ஏரியில் தள்ளப்படுகிறவன்

யார்க்கோவின் கருத்துகளைக் கேட்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளும் ஒட்டுத்துணி இல்லாமல்தான் உட்கார்ந்திருப்பான்.

தம்பேரே நகரின் ஹெர்வன்தா பகுதியில் ஏழு மாடிக் குடியிருப்பு அது. அடித்தளத்தில் பொது சவுனா, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்க உட்காரும் பலகை அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஏழு வரை யார்க்கோவுடையது. மனைவி மெர்வி பிரிந்துபோன பிறகு பாதிப் பலகை காலியாகக் கிடந்ததால், மூன்றாவது மாடி ஓத்சோவை வரச் சொன்னான். ஆறு வருடமாகிறது. ஓத்சோ ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் வசனம் எழுதுகிறவன். யார்க்கோ டயர் கடையில் வேலை பார்க்கிறவன். பதினொரு வயதிலிருந்து வீடியோ கேம் விளையாடுகிறவன்.

சூடு தலையைத் தாக்காமலிருக்கப் போடும் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தால் யார்க்கோவுக்கு வாய் திறந்துகொள்ளும். கடையில் அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டவர் கிடையாது.

"சுவத்துல கதவை வரைஞ்சு வெச்சிருக்கான், திறக்க முடியல. அது கேம் இல்லடா, போஸ்டர்."

"ம்."

"மூணாவது பாகம்னு வந்தாலே ஹீரோவுக்குத் தாடி வந்துடும், கூடவே ஒரு பொண் குழந்தை வந்துடும். ஏன்டா, எழுதுறவனுக்குக் குழந்தை பொறந்தா நான் ஏன்டா சுமக்கணும்?"

"நியாயம்தான்." ஓத்சோ அகப்பையால் கல்லில் தண்ணீர் ஊற்றுவான்.

"சினிமாவுல ஊரையே இடிச்சுத் தள்றானுங்க. மறுநாள் காலைல எவன் பெருக்குறான்னு காட்டவே மாட்டேங்குறான். எனக்கு அந்தப் பெருக்குறவன் கதைதான் வேணும்."

இதையெல்லாம் இணையத்தில் எழுதேன் என்று ஓத்சோ ஒருமுறை சொன்னதற்கு, "எழுதினா எவனாவது சண்டைக்கு வருவான். நீ வரமாட்ட" என்றான் யார்க்கோ.

சவுனாச் சுவரில் ஒரே ஓர் அறிவிப்புதான் உண்டு, உடம்பில் தட்டிக்கொள்ளும் இலைக்கொத்தின் இலைகளை வடிகாலில் போடாதீர்கள் என்று. அந்தப் பலகையில் பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதை யாரும் எழுதி ஒட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்று இந்த ஊரில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை அல்லவா, அது போல.

அதனால்தான் அதையும் சொன்னான். மெர்வி பிரிந்துபோன அந்த வருடத்து வசந்தத்தைப் பற்றி. பதினொரு வாரம் அவன் ஒரே ஒரு விவசாய விளையாட்டை மட்டும் விளையாடினான். கேவலமான விளையாட்டு. ஆனால் அதில் ரொட்டிக்கடைப் பொம்மை தினமும், "காலை வணக்கம், யார்க்கோ" என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். "அதைக் கேக்கத்தான்டா எழுந்திரிச்சேன்" என்றான், தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு. ஓத்சோ அன்றைக்கும் "ம்" என்றான். அந்த "ம்"மை யார்க்கோ பத்திரமாக வைத்திருந்தான்.

அக்டோபரில் ஓத்சோ வேலை செய்த விளையாட்டு வெளிவந்தது. குளிர்கால டயர் மாற்ற ஊரே கடைக்கு வருகிற முதல் வாரம். அந்த வாரத்தில் விடுப்பு கேட்பது கிட்டத்தட்ட குற்றம். யார்க்கோ ஒரு நாள் கேட்டு வாங்கினான். சிநேகிதன் எழுதியது. காபி ஒரு குடுவை, உப்பு மிட்டாய் ஒரு பொட்டலம். உட்கார்ந்தான்.

நன்றாகவே இருந்தது. எல்லாக் கதவும் திறந்தது. மூன்றாவது மணி நேரத்தில் ஓர் ஏரிக்கரை ஊர் வந்தது. படகுக் கொட்டகை வாசலில் தொந்தியும் கம்பளித் தொப்பியுமாக ஒருவன். பெயர் பாஸி. பேச்சுக் கொடுத்தால், "திறக்காத கதவு கதவே இல்ல, போஸ்டர்!" என்றான்.

யார்க்கோ சத்தமாகச் சிரித்துவிட்டான். கூச்சமும் பெருமையுமாக ஒரு சூடு காதில் ஏறியது. "அடப்பாவி, ஓத்சோ!"

மறுபடி பேசினான். அந்தத் தாடிப் பேச்சு வந்தது. மறுபடியும். ஊர் பெருக்குகிறவன் பேச்சு வந்தது. பாஸி விடாமல் பேசினான். மூன்றாவது கருத்துக்குப் பிறகு திரையில் ஒரு புதிய பொத்தான் முளைத்தது: 'தள்ளு'. தள்ளினால் பாஸி ஏரியில் விழுவான், ஆடுகிறவருக்கு ஒரு பதக்கம். பதக்கத்தின் பெயர் 'அப்பாடா'.

யார்க்கோ தள்ளவில்லை. இன்னும் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. கடைசியாகப் பாஸி தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு சொன்னான்: "பொண்டாட்டி போயிட்டா. ரொட்டிக்கடைப் பொம்மை மட்டும் 'காலை வணக்கம், பாஸி'ன்னு சொல்லும். அதைக் கேக்கத்தான் எழுந்திரிக்கிறேன்." பின்னணியில் ஒரு குழல், கோமாளிக்கு ஊதுவதுபோல், பீப்பீ என்று இறங்கியது.

யார்க்கோ திரையை அணைத்தான். காபி அப்படியே இருந்தது.

மறுநாள் கடையில், கூட வேலை பார்க்கும் ஹென்னா ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "உன் சிநேகிதன் கேம் விளையாடினியா? அந்தப் பாஸியை நாப்பது தடவை தள்ளிட்டேன்! பாவம், ஆனா என்னா வாய் அவனுக்கு!" பிறகு மூக்கால் இழுத்து, "காலை வணக்கம், யார்க்கோ" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. "காலை வணக்கம்" என்று பதில் சொல்லிவிட்டு அவன் சக்கரத்தின் முன் குனிந்தான். வியாழக்கிழமையும் சொன்னாள். வெள்ளிக்கிழமையும்.

ஆறு மணிக்கு ஓத்சோ துண்டோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "படகுக் கொட்டகைக்குப் போனியாடா?"

"போனேன்."

"பாஸி? ஆபீஸ்ல எல்லாருக்கும் அவன்னா உயிரு. உனக்கு நான் வெச்ச சிலைடா அது."

"அந்தக் காலை வணக்கமுமா?"

ஓத்சோவின் கை அகப்பையோடு நின்றது. "அது... அதுதான்டா இருக்குறதுலயே நல்ல வசனம். நான் வெச்சது வேற இசை. ஜனங்க அழுதுடுவாங்கன்னு மாத்திட்டாங்க. உன் பேரை எங்கயும் போடலயே. யாருக்குத் தெரியப் போகுது?"

"வார்த்தை பிசகாம இருக்கே. எப்படி ஞாபகம் வெச்ச?"

"மேல போனதும் எழுதி வெச்சுக்குவேன். இல்லன்னா மறந்துடும்ல."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

ஓத்சோ தண்ணீரை ஊற்றினான். கல் சீறியது. ஆவி இருவரின் முகத்தையும் மூடியது. இந்தச் சீறலுக்குள் உட்கார்ந்துதான் யார்க்கோ ஆறு வருடம் பேசியிருந்தான். மூன்று மாடி ஏறுகிற நேரத்துக்கு மேல் அந்தப் பேச்சுகள் ஓத்சோவிடம் தங்கவில்லை, தாளுக்குப் போய்விட்டிருக்கின்றன.

"சரி, திட்டணும்னா திட்டிடு" என்றான் ஓத்சோ. "ஆனா கேம் எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு. யார் யாரோ என்னென்னவோ எழுதுறாங்க. நீ சொல்றதுக்காகத்தான்டா வாரம் பூரா காத்திருந்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது யார்க்கோவுக்குத் தெரிந்தது. சொல்லவும் இருந்தது. ஏரியின் மூடுபனி ஏன் உண்மைபோல் இருந்தது, முதல் ஊரில் ஏன் ஒருவரும் உட்காருவதே இல்லை, அந்தப் படகுத் துடுப்பின் சத்தத்தில் என்ன கோளாறு. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"நல்லா இருந்துச்சு" என்றான்.

ஓத்சோ காத்திருந்தான். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அறை கொதித்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. யார்க்கோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு உறைபனி விழும்ங்கிறாங்க" என்றான், படிக்கட்டில் எதிர்ப்படும் குடித்தனக்காரரிடம் சொல்கிற குரலில்.