மொட்டைமாடியில் கட்டிய பத்து டன் குண்டு

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து கொதித்த வாடை. தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் யாரோ போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ரயிலை விட்டுவிட்டேன். அந்த வாடை என்னைத் தூக்கி இருபத்தைந்து வருடம் பின்னால் போட்டது. ஒரு வாடகை வீட்டு மொட்டைமாடி, கீற்றுக் கொட்டகை. உள்ளே நானும் என் கல்லூரி நண்பனும் குண்டு செய்துகொண்டிருக்கிறோம்.

அணுகுண்டுக்கு முந்திய குண்டுகளிலேயே பெரியது. பத்து டன். இரண்டாம் உலகப்போரில் பாலங்களைத் தகர்க்க பிரிட்டிஷ்காரர்கள் வானத்திலிருந்து போட்டது. பாலத்தின் மேலேயே விழவேண்டும் என்றில்லை. பக்கத்து மண்ணில் ஆழப் புதைந்து வெடிக்கும், பூமி குலுங்கும், பாலம் தானாகச் சரியும். அதை நாங்கள் மூங்கில் பிளாச்சாலும் பழைய பேப்பராலும் இதே பசையாலும் கட்டினோம். ராசிபலனும் மணமகள் தேவையும் ஒட்டிய குண்டு. அவன் குன்றத்தூர்ப் பக்கம். டிசம்பர் வந்தால் மூங்கில் வளைத்து நட்சத்திரம் கட்டிய கை. அந்தக் கைக்கு எல்லாம் அசல் அளவில் வேண்டும். இருபத்தாறரை அடி.

விளையாட்டுக்கு அல்ல. அவனுக்கு அட்டெண்டன்ஸ் குறைவு. "காலேஜ் கண்காட்சியில உருப்படியா ஒண்ணு வை, கையெழுத்துப் போடறேன்" என்றிருந்தார் துறைத்தலைவர். கையெழுத்து இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை, ஒரு வருடம் போச்சு.

கண்காட்சியன்று காலை தூக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் குண்டு திரும்பவில்லை. நீளம் அளந்தோம், சுற்றளவு அளந்தோம், படியை அளக்கவில்லை.

கீழே வீட்டுக்கார அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏம்பா, மேலேருந்து போடறதுதானே அதோட வேலை? போடுங்களேன்!"

கயிறு கட்டி இறக்கினோம். பாதியில் கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணலில் குண்டு மூக்கைச் செருகி நின்றது.

"இன்னாடா, இப்டி வுட்டுட்ட?" அவன் முகத்தில் அந்த ஒரு வருடம் தெரிந்தது. மணலை இரண்டு சுற்று வந்தான். பிறகு மெதுவாக, "மச்சான், அசலும் இப்டித்தானே பொதைஞ்சிருக்கும்? மணலையும் எடுத்துகினு போலாம்டா."

மீன்பாடி வண்டியில் நசுங்கிய குண்டு, பின்னால் ஆறு மூட்டை மணல். கல்லூரியில் அதைப் பாதி புதைத்து, பக்கத்தில் ஓர் அட்டைப் பாலத்தைச் சாய்த்துவைத்தோம். கூட்டம் அலைமோதியது. மத்தியானம் வீட்டுக்கார அக்கா வந்தார், குண்டின் விவரம் எழுதி மாட்டியிருந்த சார்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எவ்ளோ பேர் செத்தாங்கப்பா?"

எடை இருந்தது, நீளம் இருந்தது, விழுந்த உயரம் இருந்தது. அது இல்லை. காலையிலிருந்து எல்லாருக்கும் பதில் சொன்னவன் சார்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தான். அக்கா போனதும் ஸ்கெட்ச் பேனாவால் கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: இறந்தவர்கள். எதிரே ஒன்றும் எழுதவில்லை.

துறைத்தலைவர் சரியாக அங்கேயே விரல் வைத்தார். "ஏன் காலியா இருக்கு?"

"தெர்ல சார். நாங்க தேடவே இல்ல."

அவர் பேனாவைத் திறந்தார். "தேடிக் கண்டுபிடிச்சு எழுது. அப்புறம் பரீட்சை எழுது" என்று கையெழுத்துப் போட்டார்.

பாஸாகி, வடக்கே வேலை கிடைத்துப் போனான். அதற்குப்பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இதே ஸ்டேஷனில்தான் ஏற்றிவிட்டேன். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பி வழியாக என் உள்ளங்கையைப் பிடித்து, ஆறிய கயிற்றுத் தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான்.

"இனிமே எதுவா இருந்தாலும் கீழயே கட்டிக்கலாம்டா, மச்சான்."