பெயர் சொல்லாமல் எண்ணிய காய்கள்

பிள்ளைகளே, இது உங்களைப் போன்ற ஒரு சின்னப் பிள்ளைக்கு நான் செய்த பிழை. என் மகள் ஆதிரைக்கு ஐந்து வயது. வெண்டிக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதனால் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பிஞ்சு வெண்டிக்காய் வாங்கி, அதை வைத்தே அவளுக்குக் கூட்டல் பழக்கினேன். விடை சரியென்றால் ஒன்றைக் கடித்துத் தின்னலாம்.

ஒருநாள் வெண்டிக்காய் மூன்றுதான் இருந்தது. இரண்டு பச்சை மிளகாயையும் பக்கத்தில் வைத்தேன்.

“இது என்ன, அப்பா?”

“பேர் கிடக்கட்டும். மொத்தம் எத்தனை காய் எண்டு சொல்லு.”

“அஞ்சு.”

“கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். அவள் மிளகாயைக் கடித்துவிட்டாள். மூச்சுத் திணறத் திணற அழுதாள். தயிர் கொடுத்து ஆற்ற வெகுநேரம் ஆனது. அவள் கேட்டபோதே பெயரைச் சொல்லியிருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது முதலில் பெயர், பிறகுதான் கணக்கு. சில நாள் கழித்து மறுபடியும் அதே ஐந்தை வைத்தேன்.

“மூண்டு வெண்டிக்காய், ரெண்டு மிளகாய். மொத்தம் அஞ்சு காய்” என்று சரியாகச் சொன்னாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“முதல்ல நீங்கள் கடிச்சுக் காட்டுங்கோ, அப்பா.”

இப்போதெல்லாம் முதல் வெண்டிக்காயை நான்தான் கடிக்கிறேன்.