புகை பிடிக்கும் சட்டி

யுத்தம் முடிந்து சில வருஷங்களில், கற்பிட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சாமானைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண்பிள்ளை ஒருத்திதான் கட்டினாள். இரண்டு சில்வர் சட்டிகளை ஒன்றோடொன்று முகம் பார்க்கக் கவிழ்த்ததுபோல் இருந்தது. உள்ளே வட்டமாக ஒரு பஞ்சு.

"சில நஞ்சு காத்தில கலந்தா லேசில அழியாது ஆன்ட்டி. வருஷக்கணக்காக் கிடக்கும். இந்தப் பஞ்சு அத இழுத்து வெச்சிருக்கும்" என்றாள். குப்பை எரிக்கும் புகையிலும் அந்த நஞ்சு உண்டாம்.

புகை என்றதும் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. வள்ளம் வைத்திருப்பவர். கிழிந்த வலை, பிளாஸ்டிக் போத்தல், பழைய டயர் எல்லாவற்றையும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எரிப்பார், அதுவும் நான் உடுப்புக் காயப்போட்ட நாள் பார்த்து. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அடுத்த நாள் அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அது என்ன ராத்தா, மேல?"

"புகை பிடிக்கிற மெஷின் தம்பி. ஆர்ட வீட்டு வளவுப் புகை எண்டு கொழும்பில இருந்தே பார்ப்பாங்களாம்." சிரிப்பு வெளியே வராமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அன்று மாலை புகை வரவில்லை. அவர் சும்மாவும் இருக்கவில்லை. கதையை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பரப்பிவிட்டார். எரிப்பவர்கள் எல்லோரும் அடங்கிப்போனார்கள். அவர் மனைவி மட்டும் இரகசியமாக வந்து கேட்டாள்.

"ராத்தா, கருவாடு பொரிச்சா அதையும் பிடிக்குமா?"

"கருவாட்ட ஒண்டும் செய்யாது. எதுக்கும் எனக்கு ரெண்டு துண்டு அனுப்பினா நல்லம்."

சில மாதம் கழித்து, பஞ்சை மாற்ற அந்தப் பிள்ளை வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றப்போன நேரம் பக்கத்து வீட்டுக்காரர் மாடியேறிவிட்டார்.

"மிஸ், என்ட புகை அதில இல்லத்தானே? நான் நிப்பாட்டிட்டன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆர்ட புகை எண்டு இதுக்குத் தெரியாது. என்ன நஞ்சு, எவ்வளவு எண்டுதான் பார்க்கலாம். கடலுக்கு அங்கால இருந்து வந்ததும் இருக்கும். எப்பவோ பாவிக்கிறத நிப்பாட்டின பூச்சிமருந்தும் இருக்கும்."

தேத்தண்ணித் தட்டோடு படியில் நின்ற எனக்கு ஏறுவதா, இறங்குவதா என்று தெரியவில்லை. அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப கடலுக்கு அங்கால எரிக்கிறவனுக்கு ஆர் சொல்றது மிஸ்? இந்த ராத்தாவ அனுப்பி விடுங்க. ஒரு பொய்யில நிப்பாட்டிருவாங்க!"

முதல் கோப்பையை அவருக்கே நீட்டினேன். பிறகும் அவர் எரிக்கத் தொடங்கவில்லை. மனைவி விடவில்லை, வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்வது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.